ரோஜர் ஸ்க்ரூட்டன் மீது விழுந்த 'இனவெறியர்' முத்திரை: கட்டுரையில் எப்படிக் கையாள்வது?

மாறன்:
பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்க்ரூட்டனின் அழகியல் பற்றி ஒரு சிற்றிதழுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைவைப் படித்தவர்கள், "இனவெறியர், யூத வெறுப்பாளர், பாசிஸ்ட், 2019இல் பதவியே பறிபோனதே" என்கிறார்கள். பழமைவாதி என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டவர், அதில் சிக்கல் இல்லை. மற்ற முத்திரைகள் எவ்வளவு தாங்கும்? சுருக்கமாக எப்படிப் பதில் சொல்வது?

தாழ்வாரம்:
பதவி போன விவகாரத்தைத் தேதி வாரியாக எழுதுங்கள், பாதிக் குழப்பம் தீரும். 2018 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு, புதுக் கட்டடங்களின் அழகு பற்றிய ஆணையத்துக்கு அவரைத் தலைவராக்கியது. சம்பளமில்லாத பொறுப்பு. 2019 ஏப்ரல் 10 அன்று நியூ ஸ்டேட்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் வார இதழ் அவருடைய நேர்காணலை வெளியிட்டது. அன்றைக்கே அமைச்சர் ஜேம்ஸ் புரோக்கன்ஷயர் அவரை நீக்கிவிட்டார். ஒலிப்பதிவு வெளியே வந்தது அதற்குப் பிறகுதான்.

நேர்காணலிலிருந்து ட்விட்டரில் சுற்றிய வரி: "ஒவ்வொரு சீனரும் அடுத்தவரின் நகல் மாதிரி." ஒலிப்பதிவில் இது ஒரு நீண்ட வாக்கியத்தின் வால். அதற்கு முன்னால் அவர் பேசுவது சீனாவின் வெகுஜன அரசியலையும், சாதாரண மனிதனை அது அடக்கி ஒரே அச்சில் வார்ப்பதையும் பற்றி. மக்கள் என்ன செய்யலாம் என்பதை அவ்வளவு இறுக்கி, சொந்த மக்களையே ரோபோக்களாக்குகிறார்கள் என்கிறார். குற்றச்சாட்டு ஆட்சியின் மேல். முன்பாதியை வெட்டியதும் பழி மக்கள் மேல் விழுகிறது.

ஹங்கேரியில் பிறந்த யூதக் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸ் பற்றிய விஷயமும் இப்படித்தான். ஹங்கேரியில் "சோரோஸ் பேரரசு" இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மை. அதை யூதர்களின் பேரரசு என்பது அபத்தம் என்றும் அதே மூச்சில் சொன்னார். அந்தப் பகுதி வெளியான நேர்காணலில் வரவில்லை.

ஜூலையில் இதழ் மன்னிப்புக் கேட்டது. அமைச்சரும் வருத்தம் தெரிவித்தார். அதே மாதம் ஸ்க்ரூட்டன் இணைத்தலைவராக ஆணையத்துக்குத் திரும்பினார். 2020 ஜனவரி 12 அன்று இறந்தார். அறிக்கை அந்த மாதக் கடைசியில் வெளிவந்தது.

கல்வெட்டு:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. இதழ் மன்னிப்புக் கேட்டது, ட்விட்டர் பதிவுகள் அவர் கருத்தைச் சரியாகக் காட்டவில்லை என்பதற்காக. நேர்காணல் முழுவதும் பொய் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாம் கட்டுக்கதை" என்று எழுதினால் அடுத்த இதழிலேயே மறுப்பு வரும், அது நியாயமாகவும் இருக்கும்.

முஸ்லிம் அகதிகளை "பெரும் கூட்டங்களின் படையெடுப்பு" என்கிற தொனியில் பேசியது ஒலிப்பதிவிலும் இருக்கிறது. அதை யாரும் வெட்டி ஒட்டவில்லை. என் பார்வையில் அது கடுமையான, தவறான பேச்சு. அதை அப்படியே கொடுத்து விமர்சியுங்கள். அதை மறைத்துவிட்டுச் சீன வரியை மட்டும் மீட்டால் நீங்களும் அதே கத்தரிக்கோலைத்தான் எடுக்கிறீர்கள்.

மாறன்:
நன்றி. 'பாசிஸ்ட்' என்பதற்கு? ஹங்கேரிச் சொற்பொழிவு ஒன்றையும் காட்டுகிறார்களே?

வடதிசை:
அந்தச் சொற்பொழிவில், புடாபெஸ்ட் அறிவுஜீவிகளில் பலர் யூதர்கள், சோரோஸைச் சுற்றிய வலைப்பின்னல்களில் இருப்பவர்கள் என்கிறார். எல்லாரும் நிறுத்துவது அங்கேதான். தொடர்ந்து, அவர்கள் தேசியவாதத்தைச் சந்தேகிப்பது நியாயமே என்கிறார். ஹங்கேரியில் யூத வெறுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, பொதுவான தேசப் பற்றுக்கு அது தடை என்றும் சொல்கிறார். அந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே மேற்கோள் காட்டுங்கள். "சோரோஸ் பேரரசு" என்ற சொல்லாட்சி ஆபத்தானது என்று அதன் பிறகு நீங்கள் சொல்லலாம், நானும் சொல்வேன்.

பாசிஸ்ட் என்ற பட்டம் எடுபடவே எடுபடாது. 1979இல், கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் பிராகில் ரகசிய வகுப்புகளுக்குப் போக ஆரம்பித்தார். பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்ட ஆசிரியர்கள் வீடுகளில் பாடம் நடத்திய காலம் அது. மறு ஆண்டு தொடங்கிய யான் ஹுஸ் அறக்கட்டளை மூலம் புத்தகங்களும் பேச்சாளர்களும் போய்ச் சேர அவர் உழைத்தார். 1985இல் செக்கோஸ்லோவாகிய போலீஸ் அவரைப் பிடித்து வெளியேற்றியது. 1998இல் செக் குடியரசுத் தலைவர் ஹாவெல் அவருக்குப் பதக்கம் கொடுத்தார். இது பாசிசக் குற்றச்சாட்டுக்குப் பதில். முஸ்லிம்கள் பற்றிய பேச்சுக்கு இதைக் கேடயமாக்காதீர்கள், இரண்டும் வேறு வழக்குகள்.

ஜப்பான் டொபேக்கோ என்ற சிகரெட் நிறுவனத்தின் விவகாரத்தையும் விட்டுவிட வேண்டாம். அந்த நிறுவனத்திடம் மாதம் 4,500 பவுண்டு வாங்கிக்கொண்டே, அதைச் சொல்லாமல் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கு எதிராக எழுதினார், 2002இல் வெளியானது. ஆதரவாளர்கள் நைசாகத் தாண்டிப் போகும் இடம் இது, உண்மையிலேயே அவர் மேல் நிற்கும் குற்றமும் இதுதான். அதை இனவெறிக் குற்றச்சாட்டோடு ஒரே பத்தியில் கலக்காமல், தனி வாக்கியமாக, தொகையோடு எழுதுங்கள்.