59,900 ரூபாய்க்கு ஒரு ஹெட்ஃபோன்: தகுமா, தகாதா?

இரவுவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் வாங்கலாமா என்று மூன்று மாதங்களாக மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். யூஎஸ்பி-சி வசதியுடன் 2024 இல் வந்த வடிவத்தின் அறிவிக்கப்பட்ட விலை 59,900 ரூபாய். அலுவலகத்தில் ஊக்கத்தொகை வந்திருப்பதால் பணத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆனால் கையில் பணம் இருப்பதாலேயே ஒரு பொருள் அந்த விலைக்குத் தகுதி உடையதாகிவிடாது அல்லவா?

என் பயன்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பெருங்களத்தூரிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அலுவலகத்தில் விண்டோஸ் மடிக்கணினியில் நாளுக்கு மூன்று நான்கு அழைப்புகள். இரவு பத்து மணிக்குக் குழந்தை தூங்கிய பிறகு ஐஃபோனில் கச்சேரி கேட்பேன். என்னிடம் இருப்பவற்றில் பாதி, யாரோ எப்போதோ கேசட்டிலிருந்து மாற்றிக் கொடுத்த பழைய பதிவுகள். இப்போது வைத்திருக்கும் ஹெட்ஃபோன் மூன்றாண்டுகளுக்கு முன் ஒன்பதாயிரத்துக்கு வாங்கியது. அதன் காது குஷன் உரிந்து, கறுப்புத் துகள்கள் காதிலும் சட்டைக் காலரிலும் ஒட்டிக்கொள்கின்றன. "தலைக்கு மை பூசுகிறீர்களா?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

சென்ற வாரம் கடையில் பத்து நிமிடம் மாட்டிப் பார்த்தேன். காதை மூடும் அலுமினியக் கிண்ணத்தின் குளிர்ச்சியும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு விரலுக்குள் சுழன்ற விதமும் என்னை ஏறத்தாழ வாங்க வைத்துவிட்டன. அடுத்ததாக, அதில் பாதி விலையில் இருந்த சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 ஐ மாட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எது மேலானது என்று என் காதுக்குத் தெரியவில்லை. விற்பனையாளர் மட்டும் மிகத் தெளிவாக இருந்தார். என் காதில் குறையா, விலையில் குறையா? விலையில் இன்னும் மேலே போய் ஃபோகல் நிறுவனத்தின் பாத்திஸ் போன்ற ஹெட்ஃபோன்களைப் பார்த்தால் வேறுபாடு புலப்படுமா?

பதிவறை எழுதியது:

நண்பரே, உங்கள் காதில் குறையில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு ஹெட்ஃபோன்களைப் பத்து நிமிடத்தில் எடைபோடச் சொன்னால் எனக்கும் தடுமாற்றம்தான்.

ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து, அவற்றின் அலைவரிசைச் சீருக்கும் கடை விலைக்கும் தொடர்பே இல்லை என்று 2017 இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். பாஸ் எனப்படும் கீழ் ஒலி, நடு ஒலி, உச்ச ஒலி ஆகியவை எந்த விகிதத்தில் காதுக்கு வருகின்றன என்பதே அவர் அளந்தது. உறுதி, வசதி, இரைச்சல் நீக்கம் போன்றவை அந்தக் கணக்கில் இல்லை. ஆயினும் "நன்றாகக் கேட்கிறது" என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு அந்த விகிதத்துக்கே உரியது என்பதால், விலை ஏற ஏற ஒலியும் ஏறும் என்ற நம்பிக்கையை அங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

கடையில் நடப்பது வேறு கதை. இரண்டில் எது சற்றே உரக்க ஒலிக்கிறதோ அதுவே தெளிவாகவும் செறிவாகவும் இருப்பதாக மனம் முடிவு கட்டிவிடும்; உரப்பில் வேறுபாடு இருந்தது என்பதே நமக்குத் தெரியாது. ஆகவே ஒலி அளவைச் சமப்படுத்தாத எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள். அவர்கள் போட்டுக் காட்டும் பாடலையும் விட்டுவிடுங்கள். நூறு முறை கேட்ட உங்கள் கச்சேரி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பாடகர் வாய் திறப்பதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்த அரை நிமிடத்தில் நான்கு தந்திகளும் தனித்தனியாக விழுகின்றனவா, எல்லாம் ஒரே ரீங்காரமாகக் குழைகின்றனவா என்று பாருங்கள். பிறகு, மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் போங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் இடக்கை அழுத்தி இழுக்கும்போது எழும் "கும்கி" ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். பாஸ் மிகையாக்கப்பட்ட ஹெட்ஃபோனில் அந்த வழுக்கல் காணாமல்போய், "தொம்" என்ற ஒரே மொத்தையான ஓசைதான் மிஞ்சும்.

கோடெக், அதாவது கம்பியில்லாமல் அனுப்புவதற்காக ஒலியைச் சுருக்கும் முறை, பற்றிக் கேட்கவில்லை, ஆனால் விற்பனையாளர் நிச்சயம் அதைப் பற்றிப் பேசுவார். குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். சோனியின் கோடெக்கான எல்டாக் 990 வரை அனுப்பும். ஐஃபோன் எல்டாக்கையும், ஆப்டெக்ஸ் என்ற இன்னொரு கோடெக்கையும் அனுப்பாது, புளூடூத்தில் இசைக்கு ஏஏசி என்ற கோடெக்கையே பெரும்பாலும் பயன்படுத்தும். ஆகவே உங்கள் கைபேசியோடு இவற்றில் எதை இணைத்தாலும் கம்பியில்லா வழியில் வருவது அதே ஏஏசிதான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மற்ற முத்திரைகளுக்கு நீங்கள் பணம் கொடுப்பது வீண். அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். கேசட்டிலிருந்து எடுத்த பதிவில் நாடாவின் சீறலுக்கு மேல் இருக்கும் விவரத்தைச் சுமக்க ஏஏசி தாராளமாகப் போதும். யூஎஸ்பி-சி ஏர்பாட்ஸ் மேக்ஸைக் கம்பியில் இணைத்தால் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை இழப்பில்லாமல் கேட்கலாம். 2025 இல் ஐஓஎஸ் 18.4 உடன் வந்த வசதி இது. லைட்னிங் என்ற ஆப்பிளின் பழைய இணைப்புத் துளை கொண்ட வடிவத்துக்குக் கிடையாது என்பதால், யாராவது அதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் இதையும் நினைவில் வையுங்கள். பாத்திஸையும் கம்பியில் இணைத்துக் கேட்கலாம், அதன் உள்ளேயே 192 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்று, எண்களாக வரும் ஒலியை மின்னலையாக்கும் மாற்றி இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் அதற்கு வேலை இல்லை.

அலுவலக அழைப்புகளைப் பற்றி ஒரு சொல். சாதாரண புளூடூத்தில் மைக் திறந்த நொடியே, இணைப்பு இசைக்கான வழியிலிருந்து தொலைபேசிக்கான வழிக்கு மாறி, ஒலி ஒற்றைத் தடமாகச் சுருங்கிவிடும். விண்டோஸ் மடிக்கணினியில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். ஐயாயிரம் ரூபாய்ப் பொருளுக்கும் அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கும் இதில் பேதமில்லை. அழைப்புக்குத் தனியாக ஒரு மலிவான கம்பி ஹெட்செட் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

உங்கள் பணம் உண்மையில் எதையேனும் வாங்குகிறது என்றால் அது இரைச்சல் நீக்கத்தையே. வெளியோசையை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்பி அழிக்கும் வித்தை இது. 1978 இல் சூரிச்சிலிருந்து பறந்த விமானத்தில், கொடுத்த ஹெட்ஃபோனில் எஞ்சின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காத எரிச்சலில் அமர் போஸ் இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். நீண்ட அலைகளை எதிர்ப்பது எளிது, குறுகிய அலைகளை எதிர்ப்பது கடினம். ஆகவே பஸ் எஞ்சினின் உறுமலும் ஏசியின் முனகலும் மறையும், ஹாரனும் பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சும் குறைந்த வடிவில் வந்துகொண்டேதான் இருக்கும். நாளுக்கு இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் இருப்பவருக்கு இது ஆடம்பரம் இல்லை. எஞ்சின் அடங்கினால் இசையின் அளவைக் கூட்ட வேண்டிய தேவை குறைகிறது, காதும் பிழைக்கிறது. ஆனால் பாதி விலையிலும் இந்த வேலை மிக நன்றாக நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மயிலை ரசிகை எழுதியது:

பதிவறை ஐயா எல்லாவற்றையும் சொன்னார், எடையைச் சொல்லவில்லை. ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஏறத்தாழ 385 கிராம், சோனி எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம். இடையில் இருக்கும் 135 கிராம் கடையில் பத்து நிமிடத்தில் தெரியாது. நானும் எடை மிகுந்த ஒன்றை, எந்த நிறுவனம் என்பது வேண்டாம், ஆசையாக வாங்கினேன். கொண்டை போட்டால் பட்டை பின்னுக்கு நகர்ந்தது, கண்ணாடியின் காம்பு காதுக்கு மேலே அழுந்தியது, அந்தக் காம்பு ஏற்படுத்திய இடுக்கு வழியாக பாஸ் கசிந்து போயிற்று. சித்திரை மாதத்தில் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தம்பி வைத்திருக்கிறான். அவனுக்குக் கண்ணாடியும் இல்லை, கொண்டையும் இல்லை, மிகவும் திருப்தியாக இருக்கிறான்.

பற்றவைப்பு எழுதியது:

பழுது பார்ப்பது என் தொழில் என்பதால், ஒலியைத் தவிர்த்து ஆயுளை மட்டும் பேசுகிறேன். விலையுயர்ந்த கம்பியில்லா ஹெட்ஃபோன் என்பது நகையைப் போலத் தோன்றும் மின்சாதனம். தோலும் அலுமினியமும் இருபது ஆண்டு இருக்கலாம், உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி இருக்காது. சுமார் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் கொள்ளளவு எண்பது விழுக்காட்டுக்கு வந்துவிடும் என்பது பொதுவான கணக்கு, பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் மெல்ல மெல்லத் தேயும். 59,900 ரூபாயை ஐந்தாண்டுக்குப் பிரித்தால் நாளுக்கு 33 ரூபாய், பாதி விலைப் பொருளுக்குப் பதினாறரை ரூபாய். இரண்டும் ஒரு டீ, ஒரு வடை என்ற அளவில்தான் நிற்கின்றன. ஐந்தாண்டு உழைக்குமா என்பதே கேள்வி.

உங்கள் குஷன் உரிந்ததற்குக் காரணம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். தோல் என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பூச்சுதான். காற்றில் உள்ள ஈரமும் வியர்வையும் அதன் இணைப்புகளை அறுக்கின்றன. சென்னை போன்ற கடலோர ஊரில் சீக்கிரமே நடக்கும். பையில் மூடி வைக்கும் முன் உலர்ந்த துணியால் ஒரு துடை துடைத்தால் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். இந்த ஒன்றில் ஏர்பாட்ஸ் மேக்ஸைப் பாராட்டுவேன். அதன் குஷன் வலைத்துணியால் ஆனது, உரியாது. காந்தத்தில் ஒட்டியிருப்பதால் நகம் படாமல் கழற்றி மாட்டலாம். பேட்டரியையும் அந்த நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறது.

எல்லாரும் அப்படியில்லை. சென்ற ஆண்டு ஒருவர், அரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய ஐரோப்பிய ஹெட்ஃபோனை மேசையில் வைத்தார். உண்மையான தோல், உலோகத் தண்டு, எல்லாம் புதிதுபோல் இருந்தன. தண்டும் கிண்ணமும் சேரும் இடத்தில், சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் கொக்கி ஒன்று முறிந்திருந்தது. அந்த உதிரி இந்தியாவில் கிடையாது, புதியது வாங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்ததாம். நான் பித்தளைத் தகடு வைத்துத் திருகி அனுப்பினேன். வேலை செய்கிறது, பார்க்கத்தான் அசிங்கமாக இருக்கிறது. வாங்குமுன் குஷன், பேட்டரி, கீல் ஆகிய மூன்றும் இங்கே கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "கிடைக்கும்" என்றுதான் பதில் வரும்.

அவசரமில்லை என்றால் இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் சாதனங்களில் சிறு பேட்டரிகளைப் பயன்படுத்துவோரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். சில விலக்குகள் உண்டு. அவர்களுக்காகச் செய்யும் வடிவம் நமக்கும் வரக்கூடும்.

இரவுவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஞாயிறன்று மைத்துனரை அழைத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். ஒலி அளவைச் சமப்படுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டேன், அவர் மாற்றி மாற்றி மாட்டினார். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன் என்று முதலில் பெருமைப்பட்டேன். பிறகுதான் புரிந்தது, கண்டுபிடித்தது காது இல்லை, கழுத்து. தலையில் இறங்கியதுமே எடை காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டையும் தலையில் படாமல் அவர் கையால் தாங்கிக் காதோடு பிடித்தபோது, கேசட் பதிவில் என்னால் வேறுபடுத்தவே முடியவில்லை. தெளிவான புதிய பதிவில் தம்புரா ஏர்பாட்ஸ் மேக்ஸில் சற்றுத் திறந்து ஒலித்தது. அது உண்மையான வேறுபாடு என்றே நினைக்கிறேன். முப்பதாயிரத்துக்கு உரிய வேறுபாடாக எனக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸுக்கு எடை குறைந்ததை எடுத்துக்கொண்டேன். மீதிப் பணத்தில் இரவுக்கென்று ஒரு கம்பி ஹெட்ஃபோன் வாங்கலாமா என்று இப்போது புதிய ஆசை. சென்ஹைசர் எச்டி 600 ஐ எல்லாரும் புகழ்கிறார்கள்.

பதிவறை எழுதியது:

கையால் தாங்கிப் பிடித்தால் காதோடு சரியாக அழுந்தாது, பாஸ் குறையும். ஆனாலும் இரண்டுக்கும் ஒரே அநியாயம் என்பதால் மன்னிக்கலாம்.

எச்டி 600 1997 இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. குஷன், கம்பி, பட்டை எல்லாவற்றையும் கையாலேயே கழற்றி மாற்றலாம். பற்றவைப்பு அவர்களுக்கு அதில் வருமானமே கிடையாது. குரலையும் வீணையையும் அது காட்டும் விதத்துக்கு நான் அடிமை. ஆனால் இரண்டு செய்திகள். அதன் மின்தடை 300 ஓம் என்பதால் கைபேசியில் மாட்டும் சிறு அடாப்டர் திணறும். ஒலியைப் பெருக்கித் தரும் சிறிய ஆம்ப் ஒன்று தேவைப்படலாம், அதன் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அது பின்புறம் திறந்த அமைப்பு. நீங்கள் கேட்பதைப் பக்கத்தில் இருப்பவரும் மெல்லிதாகக் கேட்பார். குழந்தையின் தொட்டிலுக்கும் உங்கள் நாற்காலிக்கும் எத்தனை அடி?

இரவுவாசி எழுதியது:

ஏழடி. நடுவில் மின்விசிறி ஓடுகிறது.

பதிவறை எழுதியது:

ஆலாபனைக்கு அந்த மின்விசிறி போதும். தனி ஆவர்த்தனம் வந்தால் ஒலியைக் குறைத்துவிடுங்கள்.