எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் ‘கார்டியா’ என்றால் இதயமா?

அம்மாபேட்டைக்காரன்:
அம்மாவுக்கு ஒரு மாதமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். நேற்று சேலத்தில் எண்டோஸ்கோபி எடுத்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சரி என்று வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைப் பிரித்தால், உணவுக்குழாய், இரைப்பை என்று வரும் இடத்தில் ‘கார்டியா: நார்மல்’ என்று ஒரு வரி. கார்டியா கிரேக்கத்தில் இதயம்தானே, கார்டியாலஜி என்பதே அதிலிருந்துதானே வந்தது? வயிற்றுக்குள் விட்ட குழாய் இதயத்தை எப்படிங்க பார்க்கும்? ‘ஹார்ட்டையும் பார்த்தாங்களா’ என்று அம்மா வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நைட் டூட்டி:
இதயம் இல்லைங்க. உணவுக்குழாய் இரைப்பையில் வந்து சேரும் வாய்க்குப் பெயர் கார்டியா. பழைய கிரேக்கர்கள் இதயத்தையும் அப்படிச் சொன்னார்கள், இந்த வாயையும் அப்படியே சொன்னார்கள். கி.மு. 430-ல் ஏதென்ஸில் பரவிய கொள்ளைநோயைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், நோய் கார்டியாவில் இறங்கியதும் அதைப் புரட்டிப் போட்டுப் பித்தம் பித்தமாக வெளியே வந்தது என்கிறார், படித்தாலே தெரியும் அது வயிற்றுச் சமாசாரம் என்று. நாம் மட்டும் என்னவாம், எரிவது இரைப்பை அமிலம், சொல்வது நெஞ்செரிச்சல்!

ஏற்காட்டு மிளகு:
அதோடு முடியவில்லை. பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரில் இதயத்துக்கே கிரடியே, கேர், ஏடோர் என்று பல சொற்கள், கோபமும் துணிவும் பொங்குவதற்கு தூமோஸ் என்று தனியாக ஒன்று. அவருடைய ஒடிசி காவியத்தின் 20-ஆம் பாகத்தில் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டிலேயே படுத்திருக்கும் ஒடிசியஸுக்கு, பணிப்பெண்கள் சிரித்துக்கொண்டு அவன் மனைவியைக் கட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக் கூட்டத்திடம் போவதைப் பார்த்ததும், குட்டிகளைக் காக்கும் நாய் மாதிரி இதயம் உள்ளே குரைக்கிறது. மார்பில் அடித்து, இதைவிடக் கேவலத்தையே தாங்கினாயே, பொறு என்று அதனிடமே பேசுகிறான். குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே! என்னைக் கேட்டால் கார்டியாவுக்கு இதயத்தைவிட நெஞ்சுதான் பொருத்தம். மார்பும் அதுதான், மனசும் அதுதான்.

மலைக்கோயில்:
கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில் யோசிப்பதும் கார்டியாதான். மாற்கு 2:8-ல் வேதபாரகர் (யூத வேத அறிஞர்கள்) ‘இருதயங்களில்’ சிந்திப்பார்கள், அப்போ மூளை என்ன செய்கிறது என்று சின்ன வயதில் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலும் சிந்தனையை இதயத்தில்தான் வைத்தார், உடம்பின் சூட்டைத் தணிப்பதுதான் அவர் மூளைக்குக் கொடுத்த வேலை.

அம்மாபேட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றிங்க. வயிற்று வாய் என்று அம்மாவிடம் சொன்னேன், ‘அதைத் தமிழ்ல எழுதுனா என்னவாம்’ என்கிறார். ராத்திரி பத்து மணிக்குத் தட்டுவடை செட் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது மட்டும் தமிழில்தான், அது காதிலேயே ஏறவில்லை.