கருதுகோள் இல்லாத ஆய்வு: முன்னுரையின் கடைசிப் பத்தியில் என்ன எழுதுவது?

தர்மபுரி மாவட்டக் கிணற்று நீரில் ஃபுளோரைடு பற்றிய கட்டுரை. அனுப்பிய ஜர்னல்களில் ரிவ்யூவுக்கே போகாமல் எடிட்டரிடமிருந்து திரும்பிவிட்டது. வெறும் விவரிப்பு, ஆய்வுக் கேள்வி தெளிவில்லை என்பதுதான் காரணம்.

48 கிணறுகள், கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறை. ஃபுளோரைடை, டிசாப் (அமிலத்தன்மையையும் அயனி வலிமையையும் நிலைப்படுத்தும் கரைசல்) கலந்து, அந்த அயனியை மட்டும் உணரும் அயனித்தேர்வு மின்வாயால் அளந்தது. அயனிச் சமநிலைப் பிழை (நேர், எதிர் அயனிகளின் மொத்த மின்சுமைக்கு இடையிலான வேறுபாடு) ±5 சதவீதத்துக்குள், அதனால் முக்கிய அயனிகளின் அளவீட்டில் பெரிய பிழை தெரியவில்லை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி. (உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு) தாண்டிய கிணறுகளில் பைகார்பனேட் கூடுதல், கால்சியம் குறைவு.

ஆன்லைன் பயிலரங்கில் சொன்னபடி முடிவுகளையும் விவாதத்தையும் பிரித்தாயிற்று. விவாதத்தில் எண்களைத் திரும்பச் சொல்வதை நீக்கி, முக்கியக் கண்டுபிடிப்பை முதல் பத்திக்குக் கொண்டுவந்தாயிற்று. ஃபுளோரைட் (கால்சியம் ஃபுளோரைடு) கனிமம் அந்த நீரில் இன்னும் கரையுமா, படியுமா என்று காட்டும் தெவிட்டல் குறியீட்டையும் கணக்கிட்டுச் சேர்த்தாயிற்று.

இடிப்பது ஒரே இடம். முன்னுரையைக் கருதுகோளோடு முடிக்கச் சொல்கிறார்கள். ஆய்வகச் சோதனைக்கு அது பொருந்தும். இது கள அளவாய்வு. தரவைப் பார்த்தபின் கருதுகோள் எழுதி, முதலிலேயே இருந்ததுபோல் காட்டுவது நேர்மையில்லை. "ஃபுளோரைடு அளவை மதிப்பிடுவதே நோக்கம்" என்று மட்டும் எழுதினாலோ கட்டுரை திரும்பி வருகிறது.

நீர்வேதியியலில் கட்டுரை வெளியிட்டவர்களிடம் ஒரு கேள்வி: "கால்சியம் குறைவு ஃபுளோரைடு உயர்வை எந்த அளவுக்கு விளக்குகிறது?" என்று கேள்வியாகவே பத்தியை முடித்து, இது கள அளவாய்வாகத் தொடங்கியது என்பதை முறைகள் பகுதியில் வெளிப்படையாகச் சொன்னால், எடிட்டர்கள் ரிவ்யூவுக்கு அனுப்புவார்களா?