இன்ஸ்டா, வாட்ஸ்அப் பார்த்துக்க வி.ஏ. வைக்கலாமா? சேலைக் கடை, மாசம் 12,000 பட்ஜெட்

நூல்கண்டு:
பொள்ளாச்சிப் பக்கம் காட்டன் சேலைக் கடைங்க. கைத்தறியும் இருக்கு, பவர்லூமும் இருக்கு. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பேஜ், வாட்ஸ்அப் பிசினஸ் மூணும் ஒரே போன்ல ஓடுது. வாரத்துக்கு அஞ்சு போஸ்ட் போடுறோம், நாளைக்கு 60 பேர் வரைக்கும் மெசேஜ்ல விசாரிக்கிறாங்க. கடையில நிக்கிற கஸ்டமரைப் பார்க்கிறதா, போனைப் பார்க்கிறதான்னு ஆகிடுது. வீட்டிலிருந்தே வேலை பார்க்குற வி.ஏ. ஒருத்தரை வைக்கலாம்னு யோசனை (கிராம நிர்வாக அலுவலர் இல்லீங்க, விர்ச்சுவல் அசிஸ்டென்ட்). மாசம் 12,000 ஒதுக்கலாம். எந்த வேலையைக் கொடுக்கணும், பாஸ்வேர்டு கொடுத்தாகணுமா, பாதியில விட்டுட்டுப் போனா என்ன பண்றது? ஆடி விற்பனைக்குள்ள ஆள் வேணும்.

கணக்குப்புள்ள:
உங்களுக்கு வேண்டியது போஸ்ட் போடுற ஆளா, பதில் சொல்ற ஆளா? ரெண்டும் வேற வேற வேலை. முதல்ல மணிக்கணக்கு போட்டுப் பாருங்க.

ஒரு விசாரணைக்கு சராசரியா 3 நிமிஷம் வச்சா 60 பேருக்கு 180 நிமிஷம், அதாவது நாளைக்கு 3 மணி நேரம். மாசம் 26 நாளுக்கு 78 மணி. ஒரு போஸ்டுக்கு டிசைன், வரிகள், ஷெட்யூல் எல்லாம் சேர்த்து 45 நிமிஷம்னா வாரம் அஞ்சுக்கு நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவு, மாசம் 16 மணி. மொத்தம் 94 மணி. 12,000-ஐ வகுத்தா மணிக்கு 130 ரூபாய்கூட வராது. இந்தக் காசுக்கு ரீல்ஸ் எடிட்டிங், விளம்பரம் ஓட்டுறது, பதில் சொல்றது மூணும் தெரிஞ்ச ஆள் கிடைக்க மாட்டாங்க. கிடைச்சாலும் நாலு கடைக்கு ஒரே நேரத்துல வேலை பார்ப்பாங்க, உங்க கஸ்டமருக்குப் பதில் ராத்திரி பத்து மணிக்குப் போகும்.

ஆள் எடுக்கிறதுக்கு முன்னாடியே விசாரணையைக் குறைக்க வழி இருக்கு. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்"னு போடுறதை இன்னிக்கே நிறுத்துங்க. விலை, நீளம், பிளவுஸ் பிட் உண்டா இல்லையா, நூல் கவுண்ட், கூரியர் செலவு இந்த அஞ்சும் போஸ்ட்லயே இருக்கணும். "ரேட் ப்ளீஸ்"னு வர்றவங்க பெரும்பாலும் விலை கேட்டுட்டு நகர்றவங்க. 60 பேர் 40 ஆனாலே மாசம் 52 மணிதான். போஸ்ட் வேலை 16 மணியும் சேர்த்து 68. இப்ப அதே 12,000-க்கு மணிக்கு 176 ரூபாய் தர முடியும், நிக்கிற ஆள் கிடைப்பாங்க.

பணத்தைப் போஸ்ட் எண்ணிக்கைக்குப் பேசாதீங்க. மாசம் 30 போஸ்ட்னு பேசினா 30 பண்டிகை வாழ்த்துப் படம்தான் வரும். "காலை 11–12, மதியம் 3–4, இரவு 8–9 இன்பாக்ஸ் பார்க்கணும்"னு நேரத்துக்குப் பேசுங்க.

சாவிக்கொத்து:
பாஸ்வேர்டு கொடுக்கவே வேண்டாம். வரிசையா செய்யுங்க.

முதல்ல உங்க ஃபேஸ்புக் பேஜ் யார் ஐடியில இருக்குன்னு பாருங்க. பாதிக் கடைங்களுக்கு அது எப்பவோ பேஜ் ஆரம்பிச்சுக் கொடுத்த தம்பி பேர்லயோ, போட்டோ ஸ்டுடியோக்காரர் பேர்லயோதான் கிடக்கும். முழுக் கட்டுப்பாடு உங்ககிட்டயும், வீட்டுல நம்பிக்கையான இன்னொருத்தர்கிட்டயும் இருக்கணும். ஒருத்தர் கணக்கு முடங்கினா இன்னொருத்தர் மீட்கலாம். மூணாவது ஆளுக்கு முழுக் கட்டுப்பாடு போகவே கூடாது. அது இருக்கிறவங்க உங்களையே பேஜை விட்டுத் தூக்கலாம்.

இன்ஸ்டாவை பிசினஸ் கணக்கா மாத்தி பேஜோட இணைங்க. மெட்டா பிசினஸ் சூட்ல (ஃபேஸ்புக், இன்ஸ்டா ரெண்டையும் நடத்துற மெட்டா கம்பெனியோட ஆப்) செட்டிங்ஸ் போய் வி.ஏ.வோட ஈமெயிலுக்கு அழைப்பு அனுப்புங்க. பகுதி அனுமதி மட்டும் கொடுத்து, பேஜ், இன்ஸ்டா ரெண்டுக்கும் கன்டென்ட், மெசேஜ், கமென்ட் இந்த மூணை மட்டும் டிக் பண்ணுங்க. அவங்க தன்னோட லாகின்லயே போஸ்ட் ஷெட்யூல் பண்ணலாம், ரெண்டு பக்க மெசேஜுக்கும் பதில் போடலாம்.

இங்கதான் சிக்கல் வரும். ஸ்டோரியில சில ஸ்டிக்கர், லைவ் மாதிரி விஷயங்களுக்கு இன்ஸ்டா ஆப்தான் வேணும். "பாஸ்வேர்டு கொடுங்க அக்கா, ஈஸியா இருக்கும்"னு ரெண்டாவது வாரமே கேட்பாங்க. கொடுக்காதீங்க. அவங்க வேற ஊர்ல இருந்து திடீர்னு லாகின் பண்ணா சந்தேக லாகின்னு இன்ஸ்டா தடுக்கலாம், அப்புறம் ஓடிபி கேட்டு உங்களைத்தான் விரட்டுவாங்க. அந்த ஸ்டோரியை அவங்க கூகுள் டிரைவ்ல போட்டு வைக்கட்டும், நீங்க உங்க போன்ல ஏத்துங்க.

இரண்டடுக்குப் பாதுகாப்பை எஸ்எம்எஸ்ல வைக்காம ஆத்தென்டிகேட்டர் ஆப்ல (லாகின் கோடு காட்டுற ஆப்) வைங்க. பேக்கப் கோடை பேப்பர்ல எழுதிக் கல்லாப்பெட்டியில போடுங்க. "காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்துல உங்க பேஜ் நீக்கப்படும்"னு மெட்டா பேர்ல வர்ற மெசேஜ் முழுக்க மோசடி. பயந்து லிங்கைத் தொடுறது முக்கால்வாசி புதுசா வந்த வி.ஏ.தான். முதல் நாளே சொல்லி வைங்க.

வாட்ஸ்அப்ல மட்டும் பகுதி அனுமதிங்கிற வசதி கிடையாது. வி.ஏ.வோட போனையோ கம்ப்யூட்டரையோ லிங்க்டு டிவைஸா சேர்த்தா அந்த நம்பர்ல இருக்கிற எல்லா சாட்டும் தெரியும். சொந்தக்காரங்க பேசுறதும் அதே நம்பர்லன்னா கடைக்குத் தனி சிம் எடுத்துட்டு அப்புறம் ஆளைத் தேடுங்க. மெயின் போன் போக இன்னும் நாலு டிவைஸ் வரை இணைக்கலாம். மெயின் போன்ல 14 நாள் வாட்ஸ்அப் திறக்காம விட்டா இணைச்சதெல்லாம் தானா லாக்அவுட் ஆகும். கடை சிம்மைப் பழைய போன்ல போட்டு அலமாரியில வைக்கிறவங்களுக்கு இது கண்டிப்பா நடக்கும்.

தறிச்சத்தம்:
மேல சொன்னது சரி. ஆனா 16 மணியில போஸ்ட் வேலை முடியும்னு கணக்குப்புள்ள சொல்றது போட்டோ கையில இருந்தாத்தான். போட்டோவை வி.ஏ. எடுக்க முடியாது, சேலை உங்க கடையில இருக்கு. வாரம் ஒரு நாள், காலை வெயில் நேரடியா விழாத ஜன்னலோரம், 10 சேலை. ஒவ்வொண்ணுக்கும் முழுச் சேலை, முந்தி, பார்டர் கிட்டக்க, பிளவுஸ் பிட், கையில விரிச்ச ஒரு 10 செகண்ட் வீடியோ. ரெண்டு மணி நேரம் ஆகும், இதை யாரும் உங்களுக்காகச் செய்ய மாட்டாங்க.

கலர்ல கை வைக்கக் கூடாதுன்னு வி.ஏ.க்கு எழுதியே கொடுங்க. படம் பளிச்சுன்னு இருக்கணும்னு பிரைட்னஸ் ஏத்துவாங்க, அரக்கு சிவப்பாகும், மயில்கழுத்து வெறும் நீலமாகும். சேலை திரும்பி வர்ற கூரியர் செலவு உங்க தலையில. வெட்டலாம், எழுத்து போடலாம், அதோட நிறுத்திக்கணும். ஒவ்வொரு படத்துக்கும் கலர் பேர் நீங்களே வாய்ஸ்ல சொல்லி அனுப்புங்க.

இன்னொண்ணு, கைத்தறி எது பவர்லூம் எதுன்னு வெளியூர் ஆளுக்குத் தெரியாது. ரீச் வரும்னு எல்லாத்துக்கும் "நெகமம் கைத்தறி"ன்னு ஹேஷ்டேக் போட்டுடுவாங்க. நெகமம் காட்டன் சேலைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அந்தப் பேரைப் பவர்லூம் சேலைக்கு வைக்கிறது வம்பை விலைக்கு வாங்குறது. படத்தோட ஃபைல் பேர்லயே கை-01, ப-01னு போட்டுட்டா குழப்பமே இல்ல.

பாட்டு விஷயமும் சொல்லிடறேன். இன்ஸ்டா பிசினஸ் கணக்குல சினிமாப் பாட்டு நிறைய கிடைக்காது. உடனே வி.ஏ. வெளியில வேற எடிட்டிங் ஆப்ல பாட்டைச் சேர்த்து ஏத்துவாங்க. ரீல் ஓட ஆரம்பிக்கிற நேரத்துல சத்தம் மியூட் ஆகும், இல்லன்னா ரீலே போகும். மெட்டாவே தர்ற சவுண்ட் கலெக்‌ஷன்ல இருந்து எடுக்கட்டும். தறி ஓடுற சத்தத்தையே போட்டாலும் நல்லாத்தான் இருக்கும் (என் பேரைப் பார்த்து சிரிக்காதீங்க).

நூல்கண்டு:
ரொம்ப நன்றிங்க. விலையை இன்னிக்கே போட ஆரம்பிச்சாச்சு, தனி சிம்மும் வாங்கிடறேன். பதில் சொல்ற வேலையைத்தான் முதல்ல கொடுக்கப் போறேன். ஆனா அதுலதான் பயம். தப்பா விலை சொல்லிட்டா? பணம் வராமலேயே வந்துச்சுன்னு சொல்லிட்டா?

கல்லாப்பெட்டி:
ஆள் வர்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு வேலை முடிக்கணும். கடைசி ரெண்டு வாரச் சாட்டைத் திறந்து, திரும்பத் திரும்ப வந்த கேள்வியை ஒரு நோட்டுல எழுதுங்க. 25, 30-க்கு மேல போகாது: சாயம் போகுமா, கஞ்சி போடணுமா, சிஓடி (சேலை கைக்கு வந்தப்புறம் பணம்) உண்டா, மலேசியாவுக்கு அனுப்புவீங்களா, மொத்தமா எடுத்தா என்ன விலை. பதிலை உங்க வாய்மொழியிலேயே எழுதி வாட்ஸ்அப் பிசினஸ்ல குயிக் ரிப்ளையா சேமிங்க. 50 வரை வைக்கலாம், சாய்கோடு தட்டினா வந்து நிக்கும். "சாயம் போகவே போகாது"ன்னு வி.ஏ. தானா அடிச்சு விடுறதுக்கும், "முதல் ரெண்டு துவைப்பு தனியா, உப்புத் தண்ணியில அலசுங்க"ன்னு நீங்க எழுதி வச்சதுக்கும் ஒரு ரிட்டர்ன் வித்தியாசம்.

லேபிளும் போட்டு வைங்க. புது விசாரணை, பணம் வரணும், பணம் வந்தாச்சு, அனுப்பியாச்சு, அக்கா பார்க்கணும். கடைசி லேபிள்தான் முக்கியம். பேரம், புகார், ரிட்டர்ன், மொத்த ஆர்டர் நாலுக்கும் வி.ஏ. பதில் சொல்லக் கூடாது. "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேங்க"ன்னு ஒரு வரி, அந்த லேபிள், அவ்வளவுதான்.

பணம் வந்துச்சுன்னு சொல்ற அதிகாரம் வி.ஏ.க்கு வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சேலையை அனுப்பி ஏமாந்த கடை ஏராளம், போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கவே ஆப் இருக்கு. கஸ்டமர்கிட்ட 12 இலக்க யூபிஐ ரெஃபரன்ஸ் எண்ணை மட்டும் வி.ஏ. வாங்கி வைக்கட்டும். உங்க பேங்க் கணக்குல அதே எண், அதே தொகை வந்திருக்கான்னு நீங்க பார்த்து "பணம் வந்தாச்சு" லேபிளை மாத்துங்க. காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போதும். வாரம் ஒருமுறை குயிக் ரிப்ளையில இருக்கிற க்யூஆர் படத்தை உங்க இன்னொரு போன்ல ஸ்கேன் பண்ணி, உங்க கடைப் பேர்தான் வருதான்னு பாருங்க. யாரையும் சந்தேகப்படச் சொல்லல, அஞ்சு செகண்ட் வேலை.

ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு பயோடேட்டா எதுவும் சொல்லாது. உங்க சாட்ல இருந்து பேரை மறைச்சு 10 நிஜக் கேள்வி கொடுங்க, அதுல மூணு வாய்ஸ் நோட்டா இருக்கட்டும், ஒண்ணு கோபமா வந்த புகாரா இருக்கட்டும். அரை மணி நேரம், அதுக்கும் காசு கொடுத்துடுங்க. கோபக்காரருக்கு என்ன எழுதுறாங்க, தெரியாததைத் தெரியாதுன்னு கேட்கிறாங்களா, இல்ல இஷ்டத்துக்கு அடிச்சு விடுறாங்களா, இதை மட்டும் பாருங்க. அப்புறம் ரெண்டு வாரம் சம்பளத்தோட சோதனை. ஆடி ஆஃபர் ஓடுற வாரத்துல ஆரம்பிக்காதீங்க, அதுக்கு மூணு வாரம் முன்னாடி ஆரம்பிங்க.

விளம்பரம் இப்போதைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். கொடுத்தே ஆகணும்னா விளம்பரக் கணக்குல செலவு வரம்பை முதல்ல பூட்டுங்க, பணம் கட்டுற பகுதியைக் கொடுக்காதீங்க. வழக்கமா நடக்கிற தப்பு, முடிவுத் தேதி போடாம தினசரி பட்ஜெட்ல ஓட விடுறது. ஸ்டாக் தீர்ந்த சேலைக்கு விளம்பரம் ஓடிட்டே இருக்கும். 18% ஜிஎஸ்டி தனின்னும் கணக்குல வைங்க.

ஷரத்து:
விட்டுட்டுப் போனால் என்ற கேள்விக்கு. ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: வேலை நேரம், சம்பளத் தேதி, இரு தரப்புக்கும் 15 நாள் முன்னறிவிப்பு, வாடிக்கையாளரின் போன் எண்ணும் முகவரியும் வெளியே போகக் கூடாது.

இன்னொரு வரி அவசியம், பலர் விட்டுவிடுவார்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் பொது விதி, படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தால் முதலாளிக்குப் போகும். உங்கள் வி.ஏ. போல தனியாக வேலை எடுத்துச் செய்யும் ஃப்ரீலான்சருக்கு அது பொருந்தாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவும் வீடியோவும் மாற்று ஒப்பந்தம் இல்லாத வரை உங்களுடையவை, ஆனால் அவர் எழுதிய வரிகள், போட்ட லோகோ, போஸ்டர் டிசைன் அப்படி வராது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே "பதிப்புரிமை முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்று எழுதுங்கள். மூல ஃபைல்கள் உங்கள் டிரைவிலும் உங்கள் கான்வா (டிசைன் செய்யும் ஆப்) கணக்கிலும் இருக்கட்டும்.

விலகும் நாளில்: பிசினஸ் சூட்டில் அவர் பெயரை நீக்குங்கள். வாட்ஸ்அப் லிங்க்டு டிவைஸில் லாக்அவுட் செய்யுங்கள். டிரைவ், கான்வா அனுமதியை எடுங்கள். இன்ஸ்டாவில் எங்கெல்லாம் லாகின் ஆகியிருக்கிறது என்று பார்த்து, பாஸ்வேர்டையும் பேக்கப் கோடையும் மாற்றுங்கள். ஷெட்யூல் செய்து வைத்த போஸ்டுகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள், ஆடி முடிந்த பிறகும் ஆடித் தள்ளுபடி போஸ்ட் தானாகப் போய் விழும். இவற்றை முடித்துவிட்டு கடைசிச் சம்பளத்தை அன்றே கொடுத்துவிடுங்கள்.