கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கு என்ன சொல்? – கலைச்சொல் விவாதம்

சொற்பட்டியல் தொகுப்பிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

தொடர்பியல் சொற்பட்டியலில் கேட்பவரின் செயல்களுக்கான பகுதி ஓரிடத்தில் நிற்கிறது. ஆக்டிவ் லிசனிங் என்பதற்கு 'ஊன்றிக் கேட்டல்' என்று முடிவாகிவிட்டது. அதில் எனக்கு மறுப்பில்லை. சிக்கல் அதற்குள் அடங்கிய ஒரு செயலில் இருக்கிறது: கேட்டவர், தாம் கேட்டதைச் சொன்னவரிடமே திருப்பிச் சொல்வது. உளவளத்துணையில் (கவுன்சலிங்) இதைப் பாராஃப்ரேஸ் என்கிறார்கள். விமானத் துறையில் ரீட்பேக். இரண்டுக்கும் சேர்த்து 'மறுகூறல்' முன்மொழியப்பட்டிருக்கிறது. ஒரே சொல்லை வைத்தால் பயிற்சியில் தவறு நேரும் என்று அஞ்சுகிறேன்.

உளவளத்துணையில் திருப்பிச் சொல்பவர் சொற்களை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிக்க வேண்டும். உளவியலாளர்கள் கார்ல் ராஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் ஊன்றிக் கேட்டலை விளக்கியபோது, செய்தியோடு அதன் அடியில் ஓடும் உணர்வையும் கேட்க வேண்டும் என்றார்கள். நடைமுறையில் இது இப்படி அமையும். பேசுபவர் ஒரு கருத்தை முடிக்கும்வரை பொறுத்து, ஓரிரு நொடி இடைவெளி விட்டு, அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக ஒரே வாக்கியத்தில் சொல்லி, 'நான் புரிந்துகொண்டது சரிதானா?' என்று அவர் திருத்த இடம் தர வேண்டும். 'எத்தனை செய்தாலும் மேலாளர் கண்ணில் படுவதில்லை' என்பவரிடம், 'உங்கள் உழைப்பு மதிக்கப்படவில்லை என்று வருத்தமாக இருக்கிறது' என்றால் சரி. அவர் சொற்களையே அப்படியே சொன்னால் கேலிபோல் ஒலிக்கும். 'அப்படியானால் வேலையை விடப்போகிறீர்கள்' என்றால் அது கேட்டவரின் முடிவு, பேசியவர் சொன்னதல்ல. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இதைச் செய்தாலோ பேச்சு அறுந்து அறுந்து நின்றுவிடும்.

ரீட்பேக்குக்கும் இதே இலக்கணம் பொருந்துமா? அத்துறையினர் சொல்ல வேண்டும்.

மறுமொழி: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சித் துறை

பொருந்தாது, ஐயா. எங்களுக்குச் சொல்லை மாற்றுவதுதான் பிழை. ஓடுபாதை எண், பறக்கும் உயரம், திசை, வேகம், உயரமானிக்கான அழுத்த அளவு, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) குறியெண் ஆகியவற்றை விமானி வந்தபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். கூடவே தன் அழைப்புக்குறியையும் சொல்ல வேண்டும். இந்த இடங்களில் 'ராஜர்' என்று மட்டும் சொல்வது போதாது. 'நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுதும் வந்து சேர்ந்தது' என்பதுதான் ராஜரின் பொருள். எந்த எண்ணாக வந்து சேர்ந்தது என்பதை அது காட்டாது.

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றுள் ஒன்றில், வழித்தட அனுமதியை (அது புறப்படும் அனுமதி அல்ல) திருப்பிச் சொன்ன துணை விமானி, முடிவில் 'இப்போது டேக்ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருளில் ஒரு தொடரைச் சேர்த்தார். அது வழக்கமான தொடர் அல்ல. ஓடுபாதையில் காத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்றார். 'காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்று அவர் அடுத்துச் சொன்னது, அதே நேரத்தில் மற்ற விமானத்திலிருந்து வந்த குரலோடு மோதிக் கீச்சொலியாகிவிட்டது. அதன்பின் 'டேக்ஆஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அந்த அனுமதியை நீக்கும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று சொற்றொடர் விதிகளை இறுக்கினார்கள்.

இன்னொரு சொல்லும் வேண்டும். விமானி திருப்பிச் சொன்னதும் கட்டுப்பாட்டாளர் கேட்பவராகிறார். தாம் சொன்னதோடு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இதை ஹியர்பேக் என்கிறோம். தாம் சொன்னதையே எதிர்பார்த்துக் கேட்பதால், தவறான எண்கூடச் சரியானதாகவே காதில் விழும். எனவே தனிப் பெயர் வைத்துத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டிய செயல் இது.

மறுமொழி: தமிழ் இலக்கணம் கற்பிப்பவர்

மறுகூறல் வேண்டாம். நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று என்று நன்னூலில் படித்தவர்களுக்கு, இந்தச் சொல்லே ஒரு குறையைச் சுட்டுவதாகத் தோன்றும். 'வழிமொழிதல்' கூட்டங்களில் தீர்மானத்தை ஆதரிப்பதற்கு ஆகிவிட்டது. 'ஒப்புவித்தல்' மனப்பாடம் செய்ததைச் சொல்வது. பொருள் புரியாமலும் ஒப்புவிக்கலாம்.

'மீட்டல்' என்பதை அடிச்சொல்லாகக் கொள்ளலாம். படித்த பாடத்தைத் திரும்பப் பார்ப்பதை இலங்கைப் பள்ளிகளில் மீட்டல் என்பார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு இழந்ததைத் திரும்பப் பெறுதல் நினைவுக்கு வரும். அதுவும் இங்கே பொருந்துகிறது. உளவளத்துணையில் செய்வது பொருள்மீட்டல், விமானி செய்வது சொல்மீட்டல். எதை மாற்றக்கூடாது என்பது பெயரிலேயே தெரியும்.

கேட்பவருக்கும் செயல் உண்டு என்பது நம் மரபுக்குப் புதிதல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் 'கேட்போர்' என்பதைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணுகிறது. நன்னூலும் 'செவி வாயாக நெஞ்சு களனாக' என்பதோடு விட்டுவிடவில்லை. கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று மாணவரின் கடமைகளை அடுக்குகிறது.

மறுமொழி: செவிலியர் பயிற்சி

இந்த இரண்டு சொற்களும் எங்களுக்கு உடனே உதவும். தொலைபேசியில் ஆய்வக முடிவோ மருந்தளவோ வந்தால் முதலில் எழுத வேண்டும். பிறகு எழுதியதைப் பார்த்துப் படித்துக் காட்ட வேண்டும். சொன்னவர் 'சரி' என்று உறுதிசெய்ய வேண்டும். வரிசை மாறக்கூடாது. நினைவிலிருந்து சொல்லிவிட்டுப் பிறகு எழுதினால், சொன்னது சரியாகவும் எழுதியது தவறாகவும் இருக்கக்கூடும். அந்தப் பிழையைப் பிடிக்க மறுமுனையில் ஆள் இருக்கமாட்டார். எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். எழுபதும் எண்பதும் பேச்சில் 'எழுவது', 'எம்பது' என்றாகி இரைச்சலில் குழம்பும். 'ஏழு பூஜ்யம்', 'எட்டு பூஜ்யம்' என்றால் குழப்பம் குறையும். அலகையும் சேர்த்தே மீட்க வேண்டும்; மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் இடையே ஆயிரம் மடங்கு.

நோயாளியிடம் முறை மாறுகிறது. 'புரிந்ததா?' என்று கேட்டால் 'உம்' என்றுதான் பதில் வரும். 'வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். அவர் தம் சொற்களில் சொல்வது பொருள்மீட்டல். அதற்குள்ளேயே எத்தனை மாத்திரை, எத்தனை வேளை என்பது சொல்மீட்டல். அங்கே 'ஏறக்குறைய' என்பதற்கு இடமில்லை. ஒரே உரையாடலில் இரண்டும் கலந்து வருவதால்தான் தனித்தனிப் பெயர்கள் தேவை.

ஹியர்பேக்குக்கு 'ஒப்புக்கேட்டல்' என்று அமைக்கத் தோன்றும். அது கூடாது. 'ஒப்புக்குக் கேட்டான்' என்ற வழக்கு நேர்மாறான பொருளைத் தந்துவிடும். கணக்கில் 'ஒத்துப்பார்த்தல்' இருப்பதால் 'ஒத்துக்கேட்டல்' என்று வைக்கலாம்.

மறுமொழி: சொற்பட்டியல் தொகுப்பு

பொருள்மீட்டல், சொல்மீட்டல், ஒத்துக்கேட்டல் மூன்றையும் ஏற்கிறேன். செவிலியர் மடலில் வந்த 'உம்' இன்னொரு பதிவையும் முடிக்க உதவுகிறது. ஒருவர் பேசும்போது கேட்பவர் இடையிடையே காட்டும் இத்தகைய சிறு மறுவினைகளுக்கு மொழியியலாளர் விக்டர் இங்வே 1970இல் பேக்சேனல் என்று பெயரிட்டார். அதற்கு, 'பின்வழித்தடம்' என்று இருந்ததை நீக்கி 'உம்கொட்டல்' என்று பதிகிறேன். பேச்சுவழக்குச் சொல் என்பது குறையாகாது. தலையசைப்பும் முகக்குறியும் இதில் அடங்கும் என்று விளக்கத்தில் எழுதிவிடலாம்.

இதில் இரண்டு வகை காட்ட வேண்டும். 'உம்', 'சரி' எங்கும் பொருந்துபவை. 'அடடா', 'அப்புறம்?' என்பவை அந்த இடத்துக்கு மட்டும் பொருந்துபவை. பொருளைப் பின்தொடராமல் அவற்றைச் சொல்ல முடியாது. உளவியலாளர் ஜேனட் பேவலாஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கதையின் பொருளில் கவனம் நிற்காதபடி, கேட்பவர்களிடம் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணச் சொன்னார்கள். இரண்டாம் வகை மறுவினைகள் பெரிதும் குறைந்தன. அதோடு கதை சொன்னவர்களும் மோசமாகச் சொன்னார்கள், குறிப்பாகக் கதை முடியும் கட்டத்தில். கேட்பவரின் கவனம் பேசுபவரின் பேச்சையே மாற்றுகிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. எனவே உட்பிரிவுகள்: பொது உம்கொட்டல், இடமறி உம்கொட்டல். 'உம்' என்பது காதில் விழுந்தது, புரிந்தது, சம்மதம் ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால், உம்கொட்டல் மீட்டலுக்கு ஈடாகாது என்ற எச்சரிக்கையும் பதிவில் இருக்கும்.

ஒத்துக்கேட்டலின் விளக்கத்தில் மட்டும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: மீட்டது சரியாக இருந்தால் கேட்பவர் வாய்திறந்து 'சரி' என்றாக வேண்டுமா? தவறு கண்டால் உடனே திருத்துவதை எல்லாத் துறைக்குமான விளக்கமாகவும், 'சரி' என்று சொல்லி உறுதிசெய்வதை மருத்துவத்துக்கான உட்குறிப்பாகவும் எழுதியிருக்கிறேன். வேறு துறைகளில் அது கட்டாயம் என்றால், பட்டியலை மூடுவதற்குள் அத்துறையினர் எழுதுங்கள், உட்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.