வார்த்தை எல்லாம் புரிந்தது, பேச்சுதான் புரியவில்லை

கே.ஜி.சாவடி:
தொடர்களில் வரும் வேற்றுக்கிரக இனங்களில் மனதில் நின்றது எது என்று பேசுகிற இடம் இது, அதனால் இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். டார்மாக் பார்த்திருப்பீர்கள், 1991-ல் வந்த ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் எபிசோட். டமாரியர் என்ற வேற்றுக்கிரக இனத்தின் பேச்சைக் கருவி ஒழுங்காகத்தான் மொழிபெயர்க்கிறது, ஆனாலும் "டனாக்ராவில் டார்மாக்கும் ஜலாடும்" என்றால் கப்பல் கேப்டன் பிக்கார்டுக்கு என்ன விளங்கும்? வெறும் கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன், வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டில் வேலைக்குச் சேரும் வரை. முதல் வாரம், பெட்டிகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தேன். சூப்பர்வைசர் சேட்டன் பார்த்துவிட்டு "நாராணத்து பிராந்தன்டெ கல்லு" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். மலையாளம் கேட்டே வளர்ந்தவன் நான், பிராந்தன் என்றால் பைத்தியக்காரன் என்று தெரியும், கல்லு தெரியும். திட்டினாரா, கொஞ்சினாரா என்பதுதான் தெரியவில்லை. அன்று ராத்திரி அந்த எபிசோடைத் திரும்பப் போட்டேன். சாகக் கிடக்கிற டமாரியக் கேப்டன் டேத்தனுக்கு நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பிக்கார்ட் கில்காமேஷ் என்ற பழங்காலக் கதையைச் சொல்வார் இல்லையா, வலியோடு அவர் கேட்டுக்கொண்டே இருப்பாரே, அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

நகரி:
நல்ல எபிசோட்தான், ஆனால் ஓர் இனத்தை வளர்த்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு முறை காட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்டார் ட்ரெக்கின் போர்வீர இனமான கிளிங்கானைப் பாருங்கள். 1967-ல் முதலில் வந்தபோது நெற்றி நம்மைப் போலத்தான், 1979 படத்தில் மேடு முளைத்துவிட்டது. இரண்டும் வேறு வேறு இனம் என்று அண்ணனோடு சண்டையே போட்டிருக்கிறேன். 1996-ல் டீப் ஸ்பேஸ் நைன் என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில், மேடில்லாத பழைய கிளிங்கான்களைப் பார்த்ததும் எல்லோரும் மேடுள்ள கிளிங்கானான வோர்ஃப் பக்கம் திரும்புவார்கள், வெளியாட்களிடம் நாங்கள் அதைப் பேசுவதில்லை என்பார். எந்த ஊரை விட்டு இங்கே வந்தோம், ஏன் வந்தோம் என்று கேட்டால் எங்கள் தாத்தாவும் அதே முகத்தைத்தான் காட்டுவார். 2005-ல் எண்டர்பிரைஸ் தொடரில் மரபணு, வைரஸ் என்று காரணம் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சொல்லாமலே விட்டிருக்கலாம்.

குப்பம்:
நகரி, அப்படியே விடவில்லை. 2021-ல் ஸ்டார் ட்ரெக் கார்ட்டூன் தொடரான லோயர் டெக்ஸில் கேஷான் என்ற டமாரிய அதிகாரி வருகிறார், பார்த்துவிட்டு எழுதுங்கள்.
எனக்குப் பிடித்தது ஹோர்ட்டா, 1967-ன் பழைய ஸ்டார் ட்ரெக்கில் வந்தது. சுரங்கத்தில் ஆட்களைக் கொல்கிற பாறை மாதிரியான பிராணி. அப்பாவுக்குக் கிரானைட் குவாரியில் வேலை, ஆங்கிலம் தெரியாது, நான்தான் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். உருண்டை உருண்டையாகக் கிடந்தது அதன் முட்டைகள், இவர்கள் உடைத்துப் போட்டதால்தான் அந்தத் தாய் அப்படி வெறிகொண்டது என்றேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, "வெடி வைக்கும் முன்னாடி ஒருநாளும் பொந்தைப் பார்த்ததில்லைடா" என்றார். இப்போது அவர் இல்லை.

புளியரை:
எனக்கு நோக், டீப் ஸ்பேஸ் நைனில் வரும், லாபமே குறியான ஃபெரெங்கி இனத்துப் பையன். தன் அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்று நிலையத் தலைவர் சிஸ்கோவிடம் வெடித்துச் சொல்கிற இடத்தில் என் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.
சரி, புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஃபெரெங்கியை, அவர்கள் முதலில் வந்த 1987 நெக்ஸ்ட் ஜெனரேஷன் எபிசோடிலிருந்து தொடங்காதீர்கள். பெரிய வில்லன்களாகக் கொண்டுவர நினைத்து, சாட்டையோடு துள்ளுகிற கூட்டமாக ஆக்கிவிட்டார்கள். டீப் ஸ்பேஸ் நைனில் மதுக்கடை நடத்துகிற நோக்கின் பெரியப்பா குவார்க்கிலிருந்து தொடங்குங்கள். அந்த முதல் எபிசோடில் ஃபெரெங்கியாக வந்த ஆர்மின் ஷிமர்மன்தான் குவார்க்காகவும் நடித்தார், அன்று கெட்டதை இவரே உட்கார்ந்து சரிசெய்தது போல இருக்கும். நடுவில் எபிசோட் தாண்டாதீர்கள், நோக் வளர்வது தெரியாமல் போய்விடும். அப்புறம் பாபிலோன் 5, இது ஸ்டார் ட்ரெக் அல்லாத வேறு தொடர். முதல் சீசன் மெதுவாகப் போகிறது என்று விட்டுவிடாதீர்கள், பகை இனங்களின் தூதர்களான ஜிகாரும் லண்டோவும் ஒருவரை ஒருவர் வெறுத்த வெறுப்பை அங்கே பார்த்திருந்தால்தான் கடைசியில் அவர்கள் நிற்கிற இடம் நெஞ்சில் தைக்கும். பிள்ளைகளோடு பார்த்தால் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள்.

கே.ஜி.சாவடி:
குப்பம், உங்கள் அப்பா சொன்னதை இரண்டு முறை படித்தேன்.
இன்று சேட்டனிடமே கேட்டுவிட்டேன். நாராணத்து பிராந்தன் பாடுபட்டு மலை உச்சிக்குக் கல்லை உருட்டி ஏற்றுவானாம், பிறகு தள்ளிவிட்டு, அது உருள்வதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பானாம். திட்டவில்லையாம். பட்டாம்பிப் பக்கம் ராயிரநல்லூர் மலையில் சிலையே இருக்கிறது, மலையாளத் துலாம் மாதம் ஒன்றாம் தேதி ஜனங்கள் மலை ஏறுவார்கள், நீயும் வா என்றார். லீவு சொல்லிவிட்டேன்.