டொயோட்டா 86: மாற்றியமைத்த காருக்கு 17 அங்குலச் சக்கரமா, 18 அங்குலமா?

நான்காம்_கியர்:
வணக்கம். என்னிடம் இருப்பது முதல் தலைமுறை டொயோட்டா 86. சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளிச் சக்தி கூட்டுவது) பொருத்தியாயிற்று, காய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) போட்டு உயரத்தை ஏறத்தாழ 25 மி.மீ. குறைத்திருக்கிறேன், முன்புறம் நான்கு பிஸ்டன் காலிப்பருடன் (பிரேக் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பெரிய பிரேக் இருக்கிறது. காரோடு வந்த 17×7 (விட்டம்×அகலம், அங்குலத்தில்), பிளஸ் 48 ஆஃப்செட் (சக்கரம் காரோடு பொருந்தும் தளம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் மி.மீ.) சக்கரங்களும் 215/45 ஆர்17 டயர்களும் (அகலம் மி.மீ.யில், பக்கச்சுவர் உயரம் அகலத்தின் விழுக்காட்டில், ரிம் விட்டம் அங்குலத்தில்) மட்டும் இன்னும் மாறவில்லை. இரண்டாம் கியரில் சற்று அழுத்தினாலே பின்டயர்கள் பிடியை விட்டுவிடுகின்றன.

18×9.5, பிளஸ் 38 அளவில் ஒரு சக்கரத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் உடற்பகுதி) விளிம்போடு ஒட்டி நிற்கும் அந்தத் தோற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதில் முன்னால் 225, பின்னால் 255 அகல டயர் போடலாமா? கார் பெரும்பாலும் சாலையில், மழையிலும் ஓடுவது. அவ்வப்போது ட்ராக்கிற்கும் கொண்டுபோவேன். சக்கரத்தில் ஒரு கிலோ குறைந்தால் காரில் பத்துக் கிலோ குறைந்ததற்குச் சமம் என்று சொல்கிறார்களே, அது உண்மைதானா?

அளவுகோல்:
சக்கரத்தைப் பிடித்துப்போய் அதற்கேற்ற டயரைத் தேடுவதே பலரும் செல்லும் வழி. எந்த டயர் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சரியாகத் தாங்கும் ரிம்மைத் தேடுங்கள் என்பேன். நீங்கள் சொல்லும் அளவிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது: 225/40 ஆர்18 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7.5 முதல் 9 அங்குலம் வரைதான். 9.5 அங்குல ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர் வெளிப்புறமாக இழுபட்டு நிற்கும். படத்தில் அழகாகத் தெரியலாம், ஆனால் ரிம்மின் விளிம்புக்குப் பாதுகாப்பு இராது, டயரும் வடிவமைத்தபடி வேலை செய்யாது.

இனி இடத்தைக் கணக்கிடுவோம். அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் உட்பக்கம், கழித்தால் வெளிப்பக்கம். இப்போதுள்ள 17×7, பிளஸ் 48 சக்கரத்தோடு ஒப்பிட்டால், 18×9.5, பிளஸ் 38 சக்கரம் உள்ளே சுமார் 22 மி.மீ., வெளியே சுமார் 42 மி.மீ. நகர்கிறது. முன்புறம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சக்கரத்தின் அருகே நிற்கும் சஸ்பென்ஷன்) என்பதால் உள்ளே காய்லோவர் உடலும் ஸ்பிரிங் தட்டும் காத்திருக்கின்றன. வெளியே ஃபெண்டர் காத்திருக்கிறது. நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாயும் கோணம்) கூட்டி, ஃபெண்டர் விளிம்பை மடித்து இதைப் பொருத்தியவர்கள் உண்டு. சாலையில் ஓடும் காருக்கு அந்தப் பாடு தேவையா என்பதுதான் கேள்வி. ஆஃப்செட்டைக் குறைக்கும்போது ஸ்கிரப் ரேடியஸ் (சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம்) மாறுவதால், சாலையின் பள்ளங்களெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

என் தேர்வு 17×9, பிளஸ் 45. நான்கிலும் 245/40 ஆர்17. உள்ளே 22 மி.மீ. என்பது இதிலும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆகவே ஸ்ட்ரட் இடைவெளியை அளந்தே வாங்க வேண்டும். ஆனால் வெளியே வருவது 28 மி.மீ. மட்டுமே. விட்டம் 625 மி.மீ.யிலிருந்து 628 மி.மீ. ஆவதால் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்சும் மாற்றத்தை உணராது. பின்னால் மட்டும் அகலம் கூட்டினால் பின்பிடி கூடும், மறுக்கவில்லை. ஆனால் வளைவில் முன்புறம் வெளியே தள்ளும் குணமும் கூடும், டயர்களை முன்பின் மாற்றிப் போடவும் முடியாது.

ஒரு கிலோவுக்குப் பத்துக் கிலோ என்பது கட்டுக்கதை. சுழலும் நிறை முழுவதும் டயரின் வெளிவட்டத்திலேயே இருந்தாலும், கார் வேகமெடுக்கும்போது அது இரண்டு மடங்காகத்தான் கணக்கில் வரும். மையத்தை நோக்கி வரவர ஒரு மடங்கை நெருங்கும். எனவே இலேசான சக்கரம் வாங்கி, கனமான டயரை அதில் ஏற்றினால் மிச்சமாவது ஒன்றுமில்லை. சஸ்பென்ஷனுக்குக் கீழே எடை குறைந்தால் டயர் மேடுபள்ளங்களை விடாமல் தொடரும். உண்மையான இலாபம் அதில்தான் இருக்கிறது.

ஈரத்தடம்:
அளவுகோல் அவர்கள் சொன்ன 17 அங்குலத்தை ஏற்கிறேன், 245 அகலத்தை ஏற்கத் தயங்குகிறேன். மழையிலும் ஓட்டுவேன் என்று கேட்டவரே சொல்லியிருக்கிறார். எடை அதேதான், அகலம் கூடுகிறது என்றால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் குறையும். அதைவிட முக்கியம் ரப்பர். பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052 போன்ற 200 டிரெட்வேர் (தேய்மானத் தாங்குதிறன் எண்; கூடினால் மெதுவாகத் தேயும்) டயர்கள் ட்ராக்கில் அற்புதமானவை. ஆனால் நீரை வெளியேற்றும் டயர்ப் பள்ளங்கள் குறைவு, தேய்மானம் வேகம். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற 300 டிரெட்வேர் வகை உலர்ந்த சாலையில் சற்றே விட்டுக்கொடுத்தாலும், ஈரத்தில் உங்களைக் காப்பாற்றும். டிரெட்வேர் எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்து இடுவதால், இரு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம்.

ஒரே செட்தான் வாங்குவதென்றால் 17×8, பிளஸ் 45, 225/45 ஆர்17 போதும். விட்டம் 1.4 விழுக்காடுதான் கூடும். ட்ராக்கிற்கென இரண்டாவது செட் வாங்கும் நாளில் 245-ஐப் பற்றிப் பேசலாம்.

நான்காம்_கியர்:
இருவருக்கும் நன்றி. 18 அங்குலத்தைக் கைவிடுகிறேன், மனமில்லாமல்தான். அகலத்தைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும். புதிய ஃப்ளோ ஃபார்ம்டு (வார்த்தபின் ரிம்மை உருட்டி அழுத்தி நீட்டிய) சக்கரத்தின் விலையிலேயே பயன்படுத்திய ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய) சக்கரம் கிடைக்கிறது; வாங்கலாமா?

திருகுவிசை:
நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஃபோர்ஜ்டு சக்கரம் உறுதியானதுதான். ஆனால் ஒருமுறை வளைந்ததை நிமிர்த்தி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து விற்றால் கண்ணுக்குத் தெரியாது. பேலன்சிங் இயந்திரத்தில் வெறும் ரிம்மைச் சுழற்றி, விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள். ஸ்போக்குகளின் பின்புறத்தில் விரிசல் தேடுங்கள். புதிதாக வாங்கினால் ஜேடபிள்யூஎல் (ஜப்பானின் சக்கரத் தரநிலை) முத்திரை மட்டும் போதாது, அது தயாரிப்பாளரே இடுவது. விஐஏ முத்திரையும் இருந்தால் வெளி ஆய்வும் நடந்திருக்கிறது என்று பொருள்.

உங்கள் பெரிய பிரேக்கை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. 17 அங்குலம் என்ற எண் மட்டும் காலிப்பருக்கு இடம் தராது. ஸ்போக்கின் உட்புற வளைவுதான் தீர்மானிக்கும். பிரேக் தயாரிப்பாளர் தரும் காகித அச்சை வெட்டி, சக்கரத்தின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பிசிடி (போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5×100, ஹப் (சக்கரம் பொருந்தும் மையம்) விட்டம் 56.1 மி.மீ.; சக்கரத்தின் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் மைய வளையம் போடுங்கள். நட் எம்12×1.25, அதன் இருக்கை கூம்பா, உருண்டையா என்பது சக்கரத்தோடு பொருந்த வேண்டும். டார்க் ரெஞ்சில் இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓட்டியபின், சக்கரங்கள் ஆறியிருக்கும்போது மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.